கொஞ்சம் நிறுத்திக்கிட்டீங்கன்னா தேவலைங்க

கிரேன் வர அரை மணி நேரமாகுமாமுங்க. போன் போட்டுச் சொல்லிட்டனுங்க. அதுவரைக்கும் இந்தச் சேர்ல உக்காருங்க சார். வண்டியவே பாத்துக்கிட்டு நிக்காதீங்க, பாக்கப் பாக்க மனசுக்குச் சங்கடந்தான். ஒரு சக்கரம் மட்டுந்தானுங்க சாக்கடையில இருக்குது. மீதி மூணும் மேலதானுங்க இருக்குது. நாலுக்கு மூணு. பள்ளிக்கூடத்துல அதுக்கு முதல் வகுப்பு குடுப்பாங்க.

காலை இப்படி நீட்டிக்குங்க, ஃபேனைத் திருப்பி வெக்கறன். பேண்ட் காயட்டும். முழங்கால் வரைக்குந்தானே நனைஞ்சிருக்குது. இந்தக் கோலத்துல மண்டபத்துக்குள்ள போனீங்கன்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. முகூர்த்தம் பத்தரைக்குத்தானுங்க, நேரமிருக்குது. மாப்பிள்ளைகூட வேலை பாக்கறீங்களா? மெட்ராஸ்லயா? அதான பாத்தேன், பேச்சுலயே தெரிஞ்சுது. சாக்கடையில இறங்குனப்ப ஒரு வார்த்தை சொன்னீங்களே, அது எங்க பக்கத்து வார்த்தை இல்லீங்க.

இல்லீங்க, இல்லீங்க, தப்பா எடுத்துக்கலீங்க.

சார், இந்த மண்டபத்து ஓனர் தெய்வசிகாமணி அண்ணன்னு பேரு. கிரேன்காரரு அவருக்குத் தெரிஞ்ச ஆளு. இந்நேரம் தகவல் போயிருக்கும். ரெண்டு பேரும் ஒட்டுக்காத்தான் வந்து இறங்குவாங்க. அவரு வர்றதுக்குள்ள உங்ககிட்ட ஒரே ஒரு உதவி கேக்கோணுமுங்க. சின்ன உதவிதான். ஆனா எடுத்த எடுப்புல கேட்டா நல்லா இருக்காதுங்க. முன்னப்பின்ன தெரியாத ஆளு, வண்டியையும் சாக்கடையில விட்டுட்டு உதவியும் கேக்கறானேன்னு நீங்க நினைப்பீங்க. நாயம். அதனால மொதல்ல நான் ஆருன்னு சொல்லிடறன். காப்பி குடிங்க.

என்ற பேரு சென்னியப்பனுங்க. எனக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, பொகையிலைகூடக் கிடையாதுங்க. ஒரே ஒரு பழக்கந்தான். ஒரு வண்டி பொறகால வருதுன்னு வெய்யுங்க, அதுக்குப் பின்னால போயி நின்னு கை காட்டோணும். 'வாங்க, வாங்க, ஒடிச்சு வாங்க, நேராக்குங்க, வாங்க.' அவ்வளவுதானுங்க. பத்தொம்பது வயசுல புடிச்சது, இன்னைக்கு அம்பத்தி ஒண்ணு ஆகுது.

அப்ப நான் காங்கேயம் ரோட்டுல ஒரு எடைமேடையில சீட்டு எழுதிக்கிட்டு இருந்தனுங்க. லாரி வரும், மேல ஏறும், எடை போட்டு சீட்டு குடுப்பன், போயிரும். ஒரு நாளு தவுட்டு லோடு ஏத்துன லாரி. டிரைவரு தலைய வெளிய நீட்டி, 'தம்பி, பொறகால பாருங்க'ன்னாரு. போயி நின்னனுங்க. கையத் தூக்குனனுங்க. 'வாங்க'ன்னனுங்க. வந்துச்சு சார். பத்து டன்னு. என்ற கையப் பாத்து வந்துச்சு.

எங்கூட்டுல நான் சொல்லி எதுவும் வந்ததில்லீங்க. அண்ணன் சொல்றதுதான் நடக்கும். அவரு இல்லாட்டி அண்ணி. கண்ணாலம் ஆனதுக்கப்பறம் துளசிமணி. நாயைக் கூப்பிட்டாக்கூட அது மொதல்ல துளசிமணியப் பாக்கும், அவ தலையாட்டுனாத்தான் வரும். அப்படிப்பட்டவன் கையக் காட்டுனா ஒரு லாரி வருதுன்னா எப்படி இருந்திருக்குமுன்னு பாத்துக்குங்க. அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கலீங்க. சந்தோசத்துல.

துளசிமணிங்கறது என்ற சம்சாரமுங்க. இங்கதான் வேலை. ஆரஞ்சுக் கலர்ல ஒரு சட்டை, கழுத்துல விசிலு... பாக்கலீங்களா? ஆமாமா, நீங்க வந்தப்ப அவ பந்தியில இருந்தா. அதானுங்க விசயமே. ஆறு மாசத்துக்கு முன்னாலயே ஓனர் கண்டிசனாச் சொல்லிப்போட்டாரு. 'விசிலு அம்மிணி கையில இருக்கோணும். சென்னியப்பன் ஒரு வண்டிக்குப் பொறகால நின்னான்னு தெரிஞ்சுதோ, ரெண்டு பேரையும் அனுப்பிப்போடுவன்'னு. ரெண்டு பேரையும்னு சொன்னாருங்க. அவ என்னங்க பண்ணுவா? இந்த வேலை வந்ததுக்கப்பறந்தான் அவ மொகத்துல ஒரு தெளிச்சியே வந்துச்சு.

அதுக்குத்தானுங்க வர்றன். உதவிக்குத்தான் வர்றன். காப்பி ஆறுதுங்க.

அந்த எடைமேடையில முப்பது வருசம் இருந்தனுங்க. சீட்டு எழுதுனது வயித்துக்கு, கை காட்டுனது மனசுக்கு. வெளிய எங்க போனாலும் அதேதான். ஒருக்கா துளசிமணியும் நானும் பஸ்ல பழனிக்குப் போறம். தாராபுரத்துல ஒரு டேங்கர் லாரி சந்துக்குள்ள திரும்ப முடியாம முழிச்சுக்கிட்டு நிக்குது. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. எறங்கிட்டனுங்க. இருவது நிமிசம் ஆச்சு, டேங்கரை எடுத்து விட்டுட்டுத் திரும்பிப் பாக்கறன், பஸ்ஸக் காணம். துளசிமணி தனியாப் போயி, தனியாச் சாமி கும்பிட்டு, பஞ்சாமிர்தத்தோட தனியாத் திரும்பி வந்தா. எனக்கும் சேர்த்து வேண்டிக்கிட்டாளாம். என்ன வேண்டுனேன்னு கேட்டன், சொல்ல மாட்டேன்னுட்டா.

சரி, இதெல்லாம் சின்னது. எங்க பெரியப்பா பையனோட மாமனாரு தவறிட்டாருங்க. நானும் போயிருந்தன். குறுகலான வீதி. சொர்க்க ரதம் வந்து முக்குல நிக்குது, வீட்டு வாசலுக்குப் பின்னால போட்டுத்தான் வரோணும். பாடைய அத்தனை தூரம் தூக்க ஆளில்லை. டிரைவரு சுத்துமுத்தும் பாக்கறாரு. ஆரும் அசையலை. எனக்குக் கால் நிக்குங்களா? போயி நின்னுட்டனுங்க. கை ஏறிருச்சுன்னா வாய் தன்னால வந்துருமுங்க எனக்கு. 'வாங்க, வாங்க, நல்லா வாங்க, இன்னும் வரலாம், எடம் நெறைய இருக்குது, வந்துக்கிட்டே இருங்க'ன்னு சத்தமாச் சொல்லிட்டு இருக்கறன்.

எழவு வீட்டுல ஆரையும் வாங்கன்னு கூப்பிடக்கூடாதுங்கறது எனக்குத் தெரியாதுங்களா? தெரியும். போறப்பக்கூடச் சொல்லாமத்தான் கெளம்போணும். எல்லாந் தெரியும். ஆனா வண்டிகிட்ட வேற என்னன்னு சொல்றது? ஒப்பாரி நின்னுபோச்சுங்க. தவறுனவரோட சம்சாரம் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு இருந்தவங்க, கையப் பாதியில நிறுத்தி என்னையப் பாத்தாங்க. எங்க அண்ணன் தலையில கட்டியிருந்த துண்டை அவுத்து என்னைய அடிச்சாரு. 'இன்னும் எத்தனை பேருக்குடா எடம் வெச்சிருக்கறே'ன்னு கேட்டு அடிச்சாரு. காரியத்துக்கு எங்களைக் கூப்பிடலை. போச்சாது, போனாப் போகுது. ஆனா அந்த வண்டி வாசலுக்கு நேரா, நூல் புடிச்சாப்ல நின்னுச்சுங்க. அதை ஒருத்தராவது சொல்லோணுமே. சொல்லலை.

அப்பறம் எடைமேடைய வித்துப்போட்டாங்க. புதுசா வாங்குனவங்க கம்ப்யூட்டர் வெச்சுட்டாங்க. நாலு மாசம் ஊட்டுல இருந்தனுங்க. அந்தச் சமயத்துல எங்க புள்ளையோட காலேஜ் ஆண்டு விழாவுக்கு ஒரு பேச்சாளரு வந்தாரு. கோட்டு போட்டுக்கிட்டு மேடையில குறுக்க நெடுக்க நடந்தாரு. 'உனக்குப் புடிச்சதையே தொழிலாக்கு. அப்பறம் வாழ்க்கையில ஒரு நாள்கூட நீ வேலை பாக்க வேண்டியதில்லை'ன்னாரு. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. பக்கத்துல இருந்த துளசிமணிகிட்டத் திரும்பி, 'கேட்டியா? வேலையே பாக்க வேண்டியதில்லையாம்'னன். 'இப்ப மட்டும் என்னத்தப் பாக்கறீங்க'ன்னா அவ.

அவ பேச்சு அப்படித்தானுங்க. வெடுக்குன்னு இருக்கும். எங்கூர்ல கன்னுக்குட்டியக்கூட 'வாங்க சாமி'ன்னுதான் கூப்பிடுவம். அவ பொறந்த ஊரும் இதே பக்கந்தான். அவளுக்கு மட்டும் வாய் எப்படி இப்படி ஆச்சுன்னு தெரியலை. என்னைய மட்டுந்தான் நீங்க, வாங்கன்னு கூப்பிடுவா. அதுலயும் அந்த 'வாங்க'வுல கூப்புடற மாதிரியே இருக்காது.

மறுநாளே ஈரோட்டுக்குப் போயி கார்டு அடிச்சுட்டனுங்க. இந்தாங்க, ஒண்ணு வெச்சுக்குங்க. 'வே. சென்னியப்பன், வாகனப் பின்னியக்க ஆலோசகர்.' பின்னால ஒரு அம்புக்குறி போடச் சொன்னன், பின்பக்கம்னு தெரியறதுக்கு. ஆயிரம் கார்டு. பேங்க்கு, ஆஸ்பத்திரி, ரைஸ்மில்லு, எல்லா எடத்துலயும் குடுத்தன். வாங்கிப் பாத்துட்டு, பொறட்டிப் பாத்துட்டு, சிரிச்சாங்க. கடைசியா இந்த மண்டபம். தெய்வசிகாமணி அண்ணன் சிரிக்கலீங்க. அதுக்கு முந்துன வாரந்தான் அவரு வண்டியையே ஆரோ இடிச்சுட்டுப் போயிருக்காங்க. 'நாளைக்கே வாப்பா'ன்னுட்டாரு. சார், அம்பது வயசுல ஒருத்தனுக்குப் புடிச்ச வேலை கெடைக்குதுன்னா அது சாமி குடுக்கறதுங்க. நான் இந்தக் கேட்டுக்குள்ள கால வெச்சப்ப அழுதுட்டன். வெக்கமில்லை சொல்றதுக்கு.

மொத முகூர்த்தம். எழுவது வயசுப் பெரியவரு ஒருத்தரு அவரே வண்டி ஓட்டிக்கிட்டு வந்தாரு. பின்னால வாசல் வாழமரம். நல்லாத்தான் வந்துட்டு இருந்தாரு. இப்ப நிக்கோணும். நீங்களே சொல்லுங்க சார், எழுவது வயசு மனுசனைப் பாத்து 'நில்லு'ன்னு சொல்ல முடியுங்களா? நான் மொறையாத்தான் சொன்னனுங்க. 'பெரியவங்களே, கொஞ்சம் நிறுத்திக்கிட்டீங்கன்னா தேவலைங்க.' 'பெரியவங்களே'ங்கறப்ப வண்டிக்கும் வாழமரத்துக்கும் ரெண்டடி இருந்துச்சு. 'கொஞ்சம்'ங்கறப்ப ஒரு அடி. 'தேவலைங்க'ன்னு முடிக்கறப்ப வாழமரம் வண்டி மேல படுத்திருந்துச்சு, தாரோட.

இதுல என்ற தப்பு என்னங்க? நான் பாதியில நிறுத்துனனா? முழுசாச் சொல்லி முடிச்சனுங்க. அவங்கதான் முடியற வரைக்கும் பொறுக்கறதில்லை. இந்தக் காலத்துல ஆருக்குமே பொறுமை இல்லீங்க.

அப்பறம் ஒரு ஐஸ்கிரீம் ஸ்டாலு. அப்பறம் மாப்பிள்ளை படம் போட்ட ஃப்ளெக்ஸ் பேனரு. பம்பரு நேரா மூக்குல போயி நின்னுச்சு. பொண்ணு வீட்டுப் பெரியம்மா ஒருத்தங்க இது நல்ல சகுனமில்லேன்னு ஆரம்பிச்சு, ரெண்டு வீட்டுக்கும் வாய்த்தகராறு ஆகி, கடைசியில அந்த மூக்குக்கு மேல ஒரு துண்டுப் பேப்பர ஒட்டித்தான் தாலி கட்டுனாங்க. மூணு மாசத்துல பதினோரு வண்டி. அதுல ரெண்டு மூணு வெறும் கீறலுதானுங்க, அதையும் கணக்குல சேத்துட்டாங்க.

ஓனர் கூப்பிட்டாரு. 'ஏப்பா, நில்லுன்னு ஒத்தை வார்த்தை வாயில வராதா'ன்னாரு. 'வருமுங்கண்ணா, ஆனா நேத்து வந்தவரு உங்களுக்கு மாமா மொறையாச்சுங்களே'ன்னன். அவரு அண்ணாந்து வானத்தப் பாத்தாரு. துளசிமணி ஊட்டுல எனக்குப் பயிற்சி குடுத்தா. செவுத்தப் பாத்து நில்லுன்னு சொல்லுங்கன்னா. 'நில்லு'ன்னன். நல்லா வந்துச்சு. உடனே செவுத்துக்குச் சங்கடமாயிருக்குமேன்னு பின்னாலயே 'ங்க'ன்னும் வந்துருச்சு. அவ எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா.

அதுக்கப்பறந்தான் அந்த நாளு. ஆவணி முகூர்த்தம். மாப்பிள்ளையோட தாய்மாமன் வர லேட்டு. சீர்த்தட்டெல்லாம் அவரு வேன்லதான் இருக்குது. உள்ள மேளம் வாசிக்கறாங்க, அவரு அவசர அவசரமாப் பின்னால எடுக்கறாரு. பின்னால சமையல் கொட்டாய். நானூறு பேருக்குச் சாம்பாரு அண்டாவுல கொதிக்குது, மாஸ்டரு அதுக்குள்ள குனிஞ்சு கரண்டியப் போட்டுக்கிட்டு இருக்கறாரு. நான் கரெக்டாத்தான் கொண்டாந்தனுங்க. கேட்டுல இருந்து கொட்டாய் வரைக்கும், ஒரு எடத்துல ஒரசலை. இனி நிக்கோணும். தாய்மாமனுங்க! சபையில மொத மரியாதை அவருக்குத்தான். 'மாமா, தாங்கள் கொஞ்சம்...'னு நான் ஆரம்பிக்கறன்.

அன்னைக்குப் பாத்து என்ற பிரசரு மாத்திரைய மறந்துட்டுப் போயிட்டேன்னு துளசிமணி கொண்டாந்திருக்கறா. கேட்டுல நின்னு ஒரு சத்தம் போட்டா பாருங்க.

'நில்லு!'

வேன் நின்னுச்சு. அண்டாவுக்கு நாலு வெரக்கடை. மாஸ்டரு குனிஞ்சவரு குனிஞ்சபடி நின்னாரு. நான் நின்னன். அதோட விட்டுச்சுங்களா? உள்ள மேளம் நின்னுபோச்சு. ஐயரு மந்திரத்தை நிறுத்திட்டாரு. மாப்பிள்ளை ரெண்டு கையிலயும் தாலியப் புடிச்சவரு, பொண்ணு கழுத்துக்கு இத்தனூண்டு தூரத்துல அப்படியே நின்னுட்டாருங்க. நிக்கறதா, கட்டறதான்னு அவருக்குத் தெரியலை. ஆரும் அவருக்குச் சொல்லலை. கடைசியா பொண்ணுதான் மெதுவா, 'உங்களைச் சொல்லலீங்க, கட்டுங்க'ன்னுச்சாம்.

எனக்கு அவமானத்துல உடம்பு கூசிப்போச்சு. தாய்மாமனைப் போயி நில்லுன்னா! ஓடிப்போயி அவரு கையப் புடிச்சுக்கிட்டு, 'மன்னிச்சுக்குங்க மாமா, ஊட்டுல வளர்ப்பு சரியில்லை'ன்னன். அவரு வேர்வையத் தொடைச்சுக்கிட்டு, 'போச்சாது மாப்ள, எங்கூட்டுலயும் இப்படிச் சொன்னாத்தான் நான் நிப்பன்'னாரு.

ஓனர் மாடியில இருந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்காரு. எறங்கி வந்து, 'அந்தம்மா ஆரு'ன்னாரு. அன்னைக்குச் சாயந்தரமே விசிலு அவ கழுத்துல. தொண்ணூறு பங்கு வேலை நான் பாத்தனுங்க, கேட்டுல இருந்து கொட்டாய் வரைக்கும். கடைசி ஒத்தை வார்த்தைதான் அவ சொன்னது. அதுக்கு முழு வேலையையும் அவளுக்குக் குடுத்துட்டாங்க. சரி, நம்ம தொழிலு, நம்ம ஊட்டுக்குள்ளதான இருக்குதுன்னு நானும் விட்டுட்டன். ஒரு வகையில பாத்தா அவ எனக்கு அசிஸ்டெண்டு மாதிரித்தானுங்க. அவகிட்ட அதைச் சொல்லலை.

இப்ப அவளைக் கேட்டு வெள்ளகோயில்ல இருந்தெல்லாம் மண்டபத்துக்காரங்க வர்றாங்க. ஆறு மாசமாச்சு, ஒரு கீறல் கிடையாது. பெரிய பெரிய ஆளுங்க அவ விசிலுக்கு ஸ்டியரிங்க ஒடிக்கறாங்க. 'ஒடி, ஒடி, எங்க பாக்கறே, கண்ணாடியப் பாரு, நில்லு'ங்கறா. ஒருத்தரும் கோவிச்சுக்கறதில்லை. அதுதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது. ஒரு நாளு ஊட்டுல அவ தூக்கத்துல சிரிச்சாளுங்க. கண்ணாலமாகி இருவத்தாறு வருசத்துல அவ தூக்கத்துல சிரிச்சு நான் பாத்ததில்லை. எந்திரிச்சு உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தன். எனக்கு வராத வேலை அவளுக்கு வந்துருச்சேன்னு கொஞ்சம் பொறாமையாவும் இருந்துச்சு. பொய் சொல்லக்கூடாது, கொஞ்சம் இல்லீங்க, நெம்பவே.

எனக்கு வாசல்ல பன்னீர்ச் செம்பு. வர்றவங்களுக்குப் பன்னீரு தெளிச்சு, சந்தனமும் கல்கண்டும் குடுத்து, 'வாங்க, வாங்க, வழியில சவுரியமா வந்தீங்களா, கொழந்தைகளுக்குச் சாப்பாடாச்சுங்களா'ன்னு கேக்கோணும். அதென்னங்க பெரிய வேலை? ஆரு வேணா பண்ணலாம். போறப்ப வயசானவங்க எல்லாம் என்ற கையப் புடிச்சுக்கிட்டு, 'சாமி, எங்க சொந்தக்காரங்ககூட எங்களை இப்படிக் கூப்பிட்டதில்லை'ங்கறாங்க. போன வாரம் ஒருத்தங்க எனக்காகவே அவங்க பேத்தி கண்ணாலத்தை இந்த மண்டபத்துல வெக்கறம்னாங்க. வெச்சுட்டுப் போகட்டும். அவங்க சும்மா நடந்து வர்றாங்க சார். நடந்து வர்றவங்களுக்குப் பொறகால ஆரு பாக்கோணும்?

அதுக்குத்தானுங்க வர்றன். மணி என்னங்க? பத்தா? வந்துட்டன், வந்துட்டன்.

இன்னைக்கு ரெண்டாம் பந்திக்கு அவளை நாந்தான் போகச் சொன்னன். 'பசியோட நிக்காத, போய்ச் சாப்பிட்டுட்டு வா, இனி வண்டி வராது'ன்னன். விசிலக் கழட்டிச் சேர் மேல வெச்சுட்டுப் போனா. உளுந்துப் போண்டா போட்டிருக்காங்க இன்னைக்கு, அவளுக்குப் புடிக்கும். போயி ரெண்டு நிமிசங்கூட ஆகலை, உங்க வண்டி வந்துச்சு. வெள்ளை வண்டி, பின்னால லைட்டு எரியுது, 'டிங் டிங்'னு சத்தம். சார், ஆறு மாசமாக் கையத் தூக்காதவன் நான். நீங்க கண்ணாடி வழியா என்னையப் பாத்தீங்க. பாத்தீங்கல்ல? பாத்துட்டுத் தலையாட்டுனீங்க. அதுக்கப்பறம் நான் என்னங்க பண்றது?

நல்லாத்தான் வந்தீங்க. ஒடிச்சதெல்லாம் அழகா ஒடிச்சீங்க. கடைசியில நான் நிறுத்தத்தான் போனன். ஆனா ஒரு மனுசன் நம்ம எடத்துக்கு வந்திருக்காரு, எந்தூரு, ஆரு வீட்டுக்குன்னு ஒரு வார்த்தை கேக்காம எப்படிங்க நில்லுன்னு சொல்றது? 'எந்தூருங்க, மாப்பிள்ளை வீடுங்களா, பொண்ணு வீடுங்களா'ன்னு கேட்டன். நீங்களும் மரியாதைப்பட்டவரு, தலைய வெளிய நீட்டி, 'மாப்பிள்ளை...'ன்னு ஆரம்பிச்சீங்க. அத்தோட சரி. சாக்கடை மேல மூடியிருந்த கல்லை நேத்துத்தான் எடுத்திருந்தாங்க. அது எனக்குத் தெரியும். அதையும் சொல்லத்தான் வந்தன். வரிசையா வந்தன்.

சிரிக்கறீங்களா? சிரிங்க. சிரிச்சாச் சரி. நீங்க நல்ல மனுசருங்க. அப்ப கேட்டுடறன். சார், நீங்க பெரிய மனசு பண்ணி, ஓனர் வந்து கேட்டாருன்னா, அவரு கேக்கறதுக்கு முன்னாலயே சொன்னாலும் தப்பில்லை, கேட்டதுக்கப்பறம் சொன்னாலும் தப்பில்லை, உங்களுக்கு எது சவுரியமோ அப்படி, என்ன சொல்லோணும்னா...

ஐயோ, கிரேன் சத்தம்.

வந்துட்டாங்களே. முன்னால வெள்ளை வேட்டியில உக்காந்திருக்காரே, அவருதான் ஓனர். நீங்க உக்காருங்க சார். உக்காருங்க, எந்திரிக்காதீங்க. நான் சொல்ல வந்தது என்னன்னா... அந்தப்பக்கம் பாருங்க, துளசிமணியும் வர்றா. கை கழுவாம வர்றா பாருங்க, ஆரோ சொல்லியிருக்காங்க. ஓடாத அம்மிணி, எலையில வழுக்கும்.

வாங்கண்ணா. வாங்க. வெயில்ல...

ஆரு கை காட்டுனதுன்னு கேக்கறாரு. துளசிமணி விசில என்ற கையில இருந்து புடுங்கறா சார். நாந்தானுங்க நின்னேன்னு சொல்றா. நாந்தான் வரச் சொன்னேன், கவனம் பெசகிருச்சுங்கறா. கன்னத்துல இன்னும் போண்டா இருக்குது, மென்னுக்கிட்டே சொல்றா. பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லீங்க.

நான்.

அண்ணா, நான். அவ இல்லை.

ஆமா. நான்தான். அவ சாப்பிடப் போனா.

...

போச்சு சார். கேட்டீங்கல்ல, என்ன சொன்னாருன்னு? 'அம்மிணி, கிரேனை நீயே பாத்து உள்ள விடு. நாளைக்கு அஞ்சு மணி முகூர்த்தம், நேரத்துல வந்துரு'ன்னாரு. எனக்குப் பன்னீர்ச் செம்பை மட்டும் காட்டுனாரு. போயி நில்லுங்கறாரா, எடுத்து வெச்சுட்டுப் போங்கறாரான்னு தெரியலை. சாயந்தரமா நிதானமாக் கேட்டுக்கறன். அவ வேலை போகலையே, அது போதும்.

நீங்க சொல்ல வாயெடுத்தீங்க, நான் பாத்தன். அதைத்தானுங்க நானும் கேக்க வந்தன். 'நானே பின்னால எடுத்தேன், ஆரும் கை காட்டலை'ன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லோணும்னு. அரை மணி நேரமா அதுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்தன். இனி வேண்டாமுங்க. நெம்ப நன்றிங்க.

துளசிமணி இங்கதான் வர்றா. திட்டத்தான் வர்றா. நீங்க கண்டுக்காதீங்க.

கேட்டீங்களா சார், என்ன கேக்கறான்னு? 'நானே சமாளிச்சிருப்பன்ல, உங்களை ஆரு இத்தனை சுருக்காச் சொல்லச் சொன்னது?'ன்னு கேக்கறா. கேட்டுட்டு அழுகறா பாருங்க. என்னத்துக்கு அழுகறா? இருவத்தாறு வருசமா வளவளன்னு பேசாதீங்க, வளவளன்னு பேசாதீங்கன்னு சொன்னவ, ஒரு நாளு வெடுக்குன்னு சொன்னா அதுக்கும் அழுகறா. நான் என்னத்தைங்க பண்றது?

சரி, அழுகாத அம்மிணி. கண்ணத் தொடை. கிரேன்காரரு காத்துக்கிட்டு இருக்காரு. நீ வேணா உக்காந்து தண்ணி குடி, சித்த நேரம் நான் போயிப் பொறகால...

இல்லீங்க, இல்லீங்க. அவளே பாக்கட்டும்.